செட்டப்.எக்ஸ்இ: வாடகை வீட்டுச் சுவத்துல அடிக்கிற ஆணி

பொழுதுபோக்கா கேம் பண்றவங்க யார்கிட்ட வேணா பேசிப் பாருங்க. கதை எழுதியாச்சு, படம் வரைஞ்சாச்சு, இலவசமாக் கிடைச்ச இசையையும் சேர்த்தாச்சு. எல்லாம் ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கு, டபுள் கிளிக் பண்ணா ஓடுது. அடுத்த கேள்வி தவறாம இதுவாத்தான் இருக்கும்: "செட்டப் எப்படிப் பண்றது?"

ஏங்க, ஓடுற ஃபோல்டரை அப்படியே ஜிப் பண்ணிக் கொடுத்தா என்ன? கூடாதாம். 'நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்செப்ட், ஃபினிஷ்' வரணும். பச்சைக் கோடு இடமிருந்து வலமா ஊர்ந்து போகணும். டெஸ்க்டாப்ல ஐகான் உக்காரணும். அப்பத்தான் பார்க்கிறவன் மதிப்பானாம். ஜிப்பா கொடுத்தா காலேஜ் ப்ராஜெக்ட் மாதிரி இருக்காம்.

இந்தப் பதிவு அந்த நினைப்புக்கு எதிரானது. முழுக்க ஒருதலைப்பட்சமானது. நடுநிலை எதிர்பார்த்து வந்தவங்க இப்பவே அடுத்த பதிவுக்குத் தாவிடலாம் :-)

நான் எழுதுறது படிச்சுக்கிட்டே போய், நடுநடுவுல 'இப்ப நீ என்ன செய்யப் போற?'ன்னு கேட்கிற வகை கதை கேம்கள். இருக்கிறது ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவுல. அதை விளையாடுறவங்க பெரும்பாலும் என்னைச் சுத்தி இருக்கிறவங்கதான். சுங்குவார்சத்திரம், வல்லம், மாத்தூர், ஒரகடம்னு வாடகைக்கு ரூம் எடுத்துத் தங்கி கம்பெனிக்குப் போற ஐடிஐ, டிப்ளமோ பசங்க. திருவண்ணாமலை, விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்துலேர்ந்து வந்தவங்க. ஒரு ரூமுக்கு அஞ்சு பேர், ஆறு பேர். ஆளுக்கு ஒரு போன் உண்டு. லேப்டாப்? ரூமுக்கு ஒண்ணு இருந்தா அதிர்ஷ்டம். ஷிஃப்ட் மாறி மாறி வர்றதால எந்த நேரமும் ரெண்டு பேர் தூங்கிட்டிருப்பாங்க, லேப்டாப் மட்டும் தூங்காது.

அந்த லேப்டாப் யாரோடது? அங்கதான் மேட்டரே இருக்கு. அது ஆறு பேர்ல ஒருத்தனோடது. மத்த அஞ்சு பேர் அதை இரவல்ல பயன்படுத்துறவங்க. சிலர் விவரமா மத்தவங்களுக்குத் தனி அக்கவுண்ட் போட்டுக் கொடுத்திருப்பாங்க, அட்மின் பாஸ்வேர்ட் சொந்தக்காரன் தலைக்குள்ள மட்டும் இருக்கும். அந்தத் தலை அப்போ பி ஷிஃப்ட்ல கன்வேயர் பக்கத்துல நின்னுட்டிருக்கும், போனை லாக்கர்ல வச்சிட்டு. பாஸ்வேர்டே இல்லாத லேப்டாப்லயும் ஒரு வாய்மொழிச் சட்டம் உண்டு. "பாட்டு கேளு, படம் பாரு, எதையும் இன்ஸ்டால் மட்டும் பண்ணிடாதே."

இந்தச் சட்டத்தைப் புரிஞ்சுக்க வாடகை வீட்டை நினைச்சுக்குங்க. வீட்டுக்காரர் எதுக்கு வேணா ஒத்துக்குவார், சுவத்துல ஆணி அடிக்கிறதுக்கு மட்டும் ஒத்துக்க மாட்டார். காலண்டரை ஜன்னல் கம்பியில கட்டித் தொங்கவிட்டுக்கலாம், பிரச்சனையில்லை. காலி பண்ணும்போது எடுத்துட்டுப் போயிடலாம்ல. ஆணி அப்படியில்ல, ஓட்டை நிக்கும். செட்டப்.எக்ஸ்இ ஆணி. புரோகிராம் ஃபைல்ஸ்ல ஒரு ஃபோல்டர், ரெஜிஸ்ட்ரியில நாலு வரி, ஸ்டார்ட் மெனுவுல ஒரு பேரு, அன்இன்ஸ்டால் பண்ணதுக்கு அப்புறமும் எங்கேயோ ஒளிஞ்சிருக்கிற மிச்சம் மீதி. ஜிப் காலண்டர். ஒரு ஃபோல்டர் வந்தது, விளையாடினான், ஃபோல்டரை அழிச்சான், வந்த சுவடு அவ்வளவா இருக்காது.

இரவல் மெஷின்ல 'இதை இன்ஸ்டால் பண்ணிக்கவா?'ன்னு கேக்குறதுக்கே கூச்சப்படுற ஒருத்தன் இருக்கான் பாருங்க, என் கேமை விளையாட வேண்டியவன் அவன்தான். அவன் கேக்க மாட்டான். விளையாடாமயே விட்டுடுவான். எனக்கு அது டவுன்லோடு எண்ணிக்கையில கூடத் தெரியாது. டவுன்லோடு ஆயிடுச்சே!

(கம்பெனி லேப்டாப்பை நான் கணக்குலயே சேர்க்கலை. அதுல ஜிப்பும் ஓடாது, செட்டப்பும் ஓடாது, ஓட்டவும் கூடாது. வேலை முக்கியம் மக்கா.)

இது ஏதோ கேமுக்கு மட்டும் உள்ள பிரச்சனைன்னு நினைக்காதீங்க. இதைப் படிக்கிற பதிவர்கள் பாதிப்பேர் இதே பிரச்சனையை அனுபவிச்சவங்கதான், மறந்திருப்பீங்க. 2004, 2005 வாக்குல பிரவுசிங் சென்டர்ல உக்காந்து பதிவு எழுதின காலத்தை நினைச்சுப் பாருங்க. எ-கலப்பை அருமையான மென்பொருள்தான். ஆனா அதை இன்ஸ்டால் பண்ணணும். சென்டர்காரர் விடமாட்டார். அவரைத் தாஜா பண்ணி இன்ஸ்டால் பண்ணாலும், பல சென்டர்ல டீப் ஃப்ரீஸ் போட்டிருப்பாங்க. மெஷினை ரீஸ்டார்ட் பண்ணதும் பழையபடி ஆயிடும், நாம போட்டதெல்லாம் போயே போச்சு. அப்போ நம்மள்ல பலபேரைக் காப்பாத்தினது எது? சுரதா யாழ்வாணனோட வலைப்பக்கம் மாதிரி இன்ஸ்டாலே தேவைப்படாத சமாச்சாரங்கள். அங்க தட்டி, வெட்டி, பிளாக்கர்ல ஒட்டி, ஒரு மணி நேரக் காசு முடியறதுக்குள்ள பப்ளிஷ் பண்ணிட்டு ஓடுவோம். எக்ஸ்பியில தமிழ் எழுத்து உடையாமத் தெரியறதுக்கே விண்டோஸ் சிடியைக் கொண்டு வந்து போடச் சொல்லும். சென்டர்ல எவன் சிடி வச்சிருப்பான்? தமிழ் இணையத்துல அன்னிக்கு எழுத வந்தவங்கள்ல ஒரு கூட்டம் சொந்த மெஷின் இல்லாத கூட்டம். இன்ஸ்டால் பண்ணினாத்தான் எழுத முடியும்னு மட்டும் இருந்திருந்தா அவங்க வாசலோட திரும்பியிருப்பாங்க.

நியாயமாச் சொல்லணும்னா தட்டச்சு மென்பொருளுக்கு இன்ஸ்டாலர் வேணும்னு சொல்றதுல அர்த்தம் இருக்கு. எல்லா அப்ளிகேஷனுக்குள்ளயும் பூந்து நம்ம விசையை மாத்திக் கொடுக்கணும், கம்ப்யூட்டர் எழுந்திரிக்கும்போதே அதுவும் எழுந்திரிக்கணும். என்.எச்.எம். ரைட்டர் அப்படித்தான் வந்துச்சு, சரிதான். ஆனா அந்த வேலைக்கே கூட அழகி+ இன்ஸ்டால் பண்ணாம ஓட்டுற வடிவத்துலயும் கிடைச்சது. விசைப்பலகையையே இன்ஸ்டால் இல்லாம ஓட்ட முடியும்போது, தன் ஜன்னலுக்குள்ள தானே ஓடி முடியுற ஒரு கதைக்கு எதுக்குங்க இன்ஸ்டாலர்?

இப்போ இந்த ஊர்க் கதைக்கு வர்றேன். ஸ்ரீபெரும்புதூர்ல நோக்கியா 2006-ல ஆலை திறந்துச்சு, 2014 நவம்பர் 1-ம் தேதி மூடினாங்க. அந்த எட்டு வருஷத்துல நோக்கியா போன்ல நாம விளையாடினோமே ஜாவா கேம், அது எப்படி வந்துச்சு? ஜார் ஃபைலா. ஜார்னா என்ன? ஜிப். அச்சு அசல் ஜிப்தான். பேரை டாட் ஜிப்னு மாத்தித் திறந்து பாருங்க, உள்ள கிளாஸ் ஃபைலும் படமும் ஒரு மேனிஃபெஸ்டும் தனித்தனியாக் கிடக்கும். முதல் தலைமுறை சீரிஸ் 40 போன்ல ஒரு ஜார் 64 கேபியைத் தாண்டக் கூடாது. அதுக்குள்ள கேமை அடக்கிக் காட்டினாங்க. நம்ம ஆளுங்க அதை எப்படிப் பரப்பினாங்க? ஒரு போன்லேர்ந்து இன்னொரு போனுக்கு ப்ளூடூத். இல்லேன்னா பஸ் ஸ்டாண்ட் பக்கத்து மொபைல் கடையில 'மெமரி கார்டுல பாட்டு, கேம் ஏத்தித் தரப்படும்'. ஒரு ஃபைல், ஒரு காப்பி, முடிஞ்சது. 'அட்மினா லாகின் பண்ணவும்'னு எந்தப் போனும் கேட்டதில்லை. ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல தூங்கி வழியுற ஒருத்தன் பக்கத்து சீட்டுக்காரன்கிட்டேர்ந்து ரெண்டு நிமிஷத்துல கேம் வாங்கினான். இதைவிட நல்ல விநியோக முறையை இன்னிக்கு வரைக்கும் நான் பார்க்கலை.

ஆண்ட்ராய்டோட ஏபிகேவும் ஜிப்தான். ஐபோனோட ஐபிஏவும் ஜிப்தான். ஆனா இதே சாலையில, சுங்குவார்சத்திரத்துல ஃபாக்ஸ்கான் ஐபோன் பண்ணுது. அந்த ஐபோனுக்கு நான் ஒரு கேம் பண்ணி பக்கத்து ரூம்காரனுக்கு ஒரு ஃபைலாக் கொடுக்க முடியுமா? முடியாது. ஆப்பிள்கிட்ட வருஷக் கட்டணம் கட்டி, அவங்க பார்த்து, அவங்க கடை வழியாப் போகணும். ஐரோப்பாவுல சட்டம் போட்டு 2024-ல கொஞ்சம் கதவைத் திறக்க வச்சாங்க, நமக்கு அது இல்லை. ஃபைலைக் கையில கொடுக்குற உரிமை மெல்ல மெல்லப் போயிட்டிருக்கு. மிச்சம் இருக்கிற இடம் பிசிதான். அந்த இடத்துலயும் நாமளே போய் 'அட்மின் பாஸ்வேர்ட் கொடு'ன்னு வாசல்ல காவலுக்கு நின்னா எப்படி?

சரி, எதிர்க்கட்சி வாதங்களைப் பார்ப்போம். முதல்ல இந்த 'ப்ரொஃபஷனல்' பஜனை.

வெண்பா விளையாடியிருப்பீங்க. டொரண்டோவுல இருக்கிற விசை கேம்ஸ் 2023-ல வெளியிட்டது. இட்லி சுடறதுலேர்ந்து ஆரம்பிச்சு கண்ணுல தண்ணி வர வச்ச கேம். 2024-ல இண்டிபெண்டண்ட் கேம்ஸ் ஃபெஸ்டிவலோட பெரிய பரிசும், அறிமுகப் படைப்புக்கான பாஃப்டாவும் வாங்கிச்சு. ஸ்டீம்ல வாங்கினவங்க சொல்லுங்க, அதோட 'வெல்கம் டு செட்டப் விசார்ட்' திரையைப் பார்த்தீங்களா? பார்த்திருக்க மாட்டீங்க. ஸ்டீமுக்கு நீங்க ஏத்துறதே ஒரு ஃபோல்டரைத்தான். அவங்க அதை அப்படியே நம்ம மெஷினுக்குக் காப்பி பண்றாங்க, கூட ஏதாவது தேவைன்னா பின்னாடி ஓசைப்படாமப் போட்டுடறாங்க. இட்ச்.ஐஓவும் அதேதான். அவங்க ஆவணத்துலயே இன்ஸ்டாலர் வேணாம், ஃபோல்டராக் கொடுங்கன்னு எழுதி வச்சிருக்காங்க. அவங்க பட்லர் கருவியில ஃபோல்டரை ஏத்தினா, அடுத்த வெர்ஷன்ல மாறின பகுதி மட்டும்தான் ஏறும். அவங்க ஆப் வழியா வாங்கினவனுக்கும் மாறினது மட்டும்தான் இறங்கும். தினசரி டேட்டா லிமிட்ல ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குறவனுக்கு இது பெரிய விஷயம். இன்ஸ்டாலரா ஏத்தினீங்கன்னா உள்ள எல்லாம் மறுபடி அமுக்கப்பட்டு ஒரே கட்டியா இருக்கிறதால இந்த வித்தை சரியா வேலை செய்யாது.

ஜப்பான்ல டைசுகே அமாயா தனி ஆளா அஞ்சு வருஷம் உக்காந்து பண்ண கேவ் ஸ்டோரி 2004-ல எப்படி வந்துச்சு? அமுக்கின ஃபைலா. பிரிச்சா ஒரு ஃபோல்டர், உள்ள ஒரு எக்ஸ்இ. ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ் 2006-லேர்ந்து ஜிப்பாத்தான் கொடுத்துட்டு வந்தாங்க. ஆடம்ஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பல வருஷம் அதை வச்சு வாசகர் நன்கொடையிலேயே வண்டி ஓட்டினாங்க. ஜிப்ல வந்ததால யாரும் அதை அமெச்சூர்னு ஒதுக்கலை.

இன்ஸ்டாலர் 'நம்பிக்கை' தருதுன்னு ஒரு வாதம். அய்யா சாமி! இன்ஸ்டாலர் மேல இருந்த நம்பிக்கையைக் கெடுத்ததே அந்த 'நெக்ஸ்ட் நெக்ஸ்ட்'தான். ஒரு காலத்துல எதை இன்ஸ்டால் பண்ணாலும் கூடவே ஒரு டூல்பார் தொத்திக்கிட்டு வரும், ஹோம் பேஜ் மாறிடும். 2011-ல டவுன்லோட்.காம், எல்லாருடைய மென்பொருளுக்கும் மேல தன்னோட இன்ஸ்டாலரைச் சுத்திக் கொடுக்க ஆரம்பிச்சுது. என்மேப் எழுதின ஃபியோடர் கொதிச்சுப் போய் ஊரையே கூட்டினார். 2013-ல கிம்ப் ஆட்கள் சோர்ஸ்ஃபோர்ஜை விட்டு வெளியேறினதுக்கும் இந்த மாதிரி விளம்பர இன்ஸ்டாலர் ஒரு காரணம். 2015-ல அதே சோர்ஸ்ஃபோர்ஜ், கிம்ப்போட பழைய பக்கத்தைத் தானே எடுத்துக்கிட்டு அதுலயும் விளம்பர இன்ஸ்டாலரை வச்சு மாட்டிக்கிச்சு. 'எதையும் இன்ஸ்டால் பண்ணிடாதே'ங்கிற அந்த ரூம் சட்டம் சும்மா வரலைங்க. அனுபவத்துல வந்தது. ஒரு தடவை எவனோ ஒருத்தன் எதையோ போட்டு, பிரவுசர் திறந்தா பத்து விளம்பரம்னு ஆகி, அதுக்கு அப்புறம் போட்ட சட்டம்.

இன்னொண்ணு. தமிழ்ல கேம் பண்றோம். தமிழ் மட்டும் படிக்கிறவனும் விளையாடணும்னு ஆசைப்படறோம். அவன் டபுள் கிளிக் பண்ணதும் முதல்ல எதைப் பார்க்கிறான்? இங்கிலீஷ்ல ஒரு வரவேற்பு, இங்கிலீஷ்ல ஒரு லைசென்ஸ் ஒப்பந்தம், எந்த ஃபோல்டர்ல போடறதுன்னு இங்கிலீஷ்ல ஒரு கேள்வி, ஷார்ட்கட் வேணுமான்னு இன்னொரு கேள்வி. ஒரு வரிக் கதைக்கு முன்னாடி அஞ்சு பக்கம் ஆபீஸ் ஃபாரம். அதைத் தமிழ்ப்படுத்த முடியும்தான். எத்தனை பேர் பண்ணியிருக்கோம்?

'அட்மின் கேக்காத இன்ஸ்டாலரும் இருக்கே'ன்னு விவரமானவங்க கேப்பாங்க. இருக்கு. இன்னோ செட்டப்ல ஒரு வரி மாத்தினா யூசரோட சொந்த ஃபோல்டருக்குள்ளயே போட்டுக்கும், பாஸ்வேர்ட் கேக்காது. ஒத்துக்கிறேன். ஆனா அப்பவும் வாய்மொழிச் சட்டம் அப்படியேதான் இருக்கு, 'இன்ஸ்டால்'ங்கிற வார்த்தை திரையில வந்தாச்சு. விண்டோஸ்ல ஒரு கூத்தும் உண்டு. விஸ்டாவுலேர்ந்து, பழைய பாணி 32-பிட் எக்ஸ்இ ஒண்ணோட பேர்ல 'செட்டப்', 'இன்ஸ்டால்', 'அப்டேட்'னு இருந்தாலே போதும், உள்ள என்ன இருக்குன்னு பார்க்காமலே அது இன்ஸ்டாலர்தான்னு ஊகிச்சு அட்மின் அனுமதி கேக்க ஆரம்பிச்சுடும். பேருக்கே இவ்வளவு மரியாதை :-) தவிர, என்எஸ்ஐஎஸ்-ல பண்ண சாதுவான இன்ஸ்டாலரைக் கூட சில ஆன்ட்டிவைரஸ் வைரஸ்னு புடிச்சு வச்சுக்கும். வைரஸ் எழுதுறவனும் அதே கருவியைத்தானே பயன்படுத்துறான்.

அடுத்து ஸ்மார்ட்ஸ்க்ரீன். 2012-ல விண்டோஸ் 8-லேர்ந்து, கையெழுத்து இல்லாத எக்ஸ்இயை ஓட்டினா நீலப் பெட்டி ஒண்ணு வந்து பயமுறுத்தும். இதுல ஜிப்பும் தப்பிக்காது. டவுன்லோடு பண்ண ஜிப்பை விண்டோஸே பிரிச்சா, உள்ள இருக்கிற எக்ஸ்இ மேலயும் 'இது இணையத்துலேர்ந்து வந்தது'ங்கிற முத்திரை ஒட்டிக்கும். அதனால ஜிப்புக்கு நான் மார்க் போடலை. கையெழுத்து வாங்கலாமேன்னா, வருஷா வருஷம் காசு. 2023 ஜூன்லேர்ந்து அந்தச் சாவியை வன்பொருள் டோக்கன் மாதிரி பாதுகாப்பான கருவிக்குள்ளதான் வச்சிருக்கணும்னு விதி வேற. இலவசமாக் கொடுக்குற கதைக்கு இதெல்லாம் யார் பண்ணுவா?

எதிர்க்கட்சியோட ஒரே உருப்படியான வாதம் இதுதான்: "ஜிப்புன்னா பிரிக்கத் தெரியாது சார் ஜனங்களுக்கு." இது உண்மை. விண்டோஸ் ஜிப்பைச் சாதாரண ஃபோல்டர் மாதிரியே திறந்து காட்டும். பார்க்கிறவன் உள்ள இருக்கிற எக்ஸ்இயை அங்கேயே டபுள் கிளிக் பண்ணுவான். விண்டோஸ் அந்த எக்ஸ்இயை மட்டும் ஒரு டெம்ப் ஃபோல்டர்ல பிரிச்சு ஓட்டும். படமும் எழுத்துருவும் கூட வராது. ஏதோ ஒரு டிஎல்எல் காணோம்னு இங்கிலீஷ்ல ஒரு பெட்டி வரும், அதோட மூடிட்டுப் போயிடுவான். சில சமயம் அதுவும் மோசமா, ஒரே எக்ஸ்இயா இருக்கிற கேம் நல்லா ஓடும். ரெண்டு மணி நேரம் விளையாடுவான், சேவ் பண்ணுவான். சேவ் டெம்ப்புக்குள்ள போயிருக்கும், அடுத்த தடவை வந்தா இருக்காது.

ஆனா இதுக்கு மருந்து இன்ஸ்டாலர் இல்லை. மருந்து, நாம கொஞ்சம் வேலை செய்யறது. கேம் ஆரம்பிக்கும்போது பக்கத்துல தன்னோட படங்கள் ஃபோல்டர் இருக்கான்னு அதுவே பார்க்கட்டும். இல்லேன்னா தமிழ்ல சொல்லட்டும்: 'முதல்ல ஜிப்பை ரைட் கிளிக் பண்ணி எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுங்க, அப்புறம் விளையாடலாம்.' இந்தச் செய்தியைக் காட்டுறதுக்கு டிஎல்எல் எதுவும் தேவைப்படாத மாதிரி அந்த ஒரு துண்டை மட்டும் எக்ஸ்இக்குள்ளயே வச்சுடணும். அரை நாள் வேலை. இன்ஸ்டாலர் ஸ்க்ரிப்ட் எழுதி, ஐகான் வச்சு, பேனர் படம் வரையற நேரத்துல பாதிகூட ஆகாது.

ஜிப்பையும் ஏனோதானோன்னு கட்டக் கூடாது. திறந்ததும் நூத்தம்பது ஃபைல் டவுன்லோட்ஸ் ஃபோல்டர்ல கொட்டுற மாதிரி கட்டுறவங்களை என்ன சொல்லித் திட்டுறதுன்னு தெரியலை. மேல ஒரே ஒரு ஃபோல்டர், அதுக்குள்ள எல்லாம். எக்ஸ்இ முதல் பார்வையிலயே தெரியணும்.

அப்புறம் தமிழர்களுக்கே உரிய ஒரு வில்லங்கம். ஆசையா ஃபைலுக்கெல்லாம் தமிழ்ல பேர் வச்சிருப்பீங்க, 'கிணறு.பிஎன்ஜி'ன்னு. ஜிப் ரொம்பப் பழைய வடிவம், 1989-ல ஃபில் காட்ஸ் பண்ணது. ஃபைல் பேர் யூனிகோடுதான்னு குறிக்கிற அடையாளமே அதோட விவரக்குறிப்புல 2006-லதான் வந்துச்சு. எக்ஸ்பியோட சொந்த ஜிப் வசதி தமிழ்ப் பேர் வச்ச ஃபைலைச் சேர்க்கவே மாட்டேன்னு அடம் பிடிக்கும். பழைய கருவியில பிரிச்சா கிணறு கட்டம் கட்டமா வந்து நிக்கும், கேம் அந்தப் படத்தைத் தேடிட்டு விழும். இன்னிக்கு நிலைமை எவ்வளவோ தேவலை. ஆனாலும் ரூம்ல இருக்கிற லேப்டாப் இன்னிக்கு வாங்கினது இல்லையே. உள்ள இருக்கிற ஃபைலுக்கு ஆங்கில எழுத்துலயே பேர் வைங்க, 'கிணறு'ங்கிறதைக் கதையில எழுதுங்க. தமிழுக்கு ஒண்ணும் குறைஞ்சுடாது. எழுத்துருவையும் மெஷின்ல இன்ஸ்டால் பண்ணச் சொல்லாதீங்க, ஃபோல்டருக்குள்ளயே வச்சு கேமே எடுத்துக்கட்டும்.

சேவ் எங்க போகணும்ங்கிறது எனக்கு ரொம்ப முக்கியமான விஷயம். புத்தகத்துல சொல்ற மாதிரி யூசரோட ஆப் டேட்டாவுல வைக்கணும். ஒரு ஆளுக்கு ஒரு அக்கவுண்ட்னு நினைச்சு எழுதின புத்தகம் அது. இங்க ஆறு பேருக்கு ஒரே அக்கவுண்ட். நான் பாதிக் கதையில விட்டதை நீ வந்து தொடர்வே, அவன் வந்து அழிப்பான். சேவ் கேம் ஃபோல்டருக்குள்ளயே இருந்தா? நான் பார்த்த ஒரு லேப்டாப்ல ஒரே கேமோட நாலு காப்பி இருந்துச்சு, ஒவ்வொரு ஃபோல்டரும் ஒருத்தன் பேர்ல. யாரும் சொல்லிக் கொடுக்கலை, அவங்களே கண்டுபிடிச்சது. ஊருக்குப் போகும்போது ஒருத்தன் தன் ஃபோல்டரைப் பென் டிரைவ்ல போட்டு எடுத்துட்டுப் போய், வீட்டு மெஷின்ல விட்ட இடத்துலேர்ந்து தொடர்ந்திருக்கான். புரோகிராம் ஃபைல்ஸ்ல போய் உக்காந்த கேமை இப்படித் தூக்கிட்டுப் போக முடியுமா? அங்க சாதாரண யூசரால எழுதக்கூட முடியாது. ரென்பையில பண்றவங்களுக்கு ஒரு தகவல்: அது ஆப் டேட்டா, கேம் ஃபோல்டர் ரெண்டு இடத்துலயும் சேவ் பண்ணும், அதனால நாலு காப்பியோட சேவும் கலந்துடும். சேவ் டைரக்டரியை 'நன்'னு வச்சா ஃபோல்டருக்குள்ள மட்டும் நிக்கும். அவங்க ஆவணத்துல இது வேணாம்னு சொல்றாங்க, புது வெர்ஷன் வந்தா பழைய சேவ் கூட வராதுன்னு. நியாயம்தான். எனக்கு ஆறு பேரோட சண்டையைத் தீர்க்கிறது அதைவிட முக்கியம்.

கடைசியா அரசு லேப்டாப். 2011-ல தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்க ஆரம்பிச்சப்போ, பல மெஷின்ல விண்டோஸோட கூடவே சி-டாக் பண்ண பாஸ் லினக்ஸும் வந்துச்சு. பிளஸ் டூவுலயோ பாலிடெக்னிக்லயோ வாங்கின அந்த லேப்டாப்போடயேதான் நிறையப் பேர் இந்தப் பக்கம் வேலைக்கு வந்தாங்க. விண்டோஸ் படுத்துட்டா லினக்ஸ்லயே காலத்தை ஓட்டுறவனும் உண்டு. அவனுக்கு உங்க செட்டப்.எக்ஸ்இ வெறும் கல்லு. ரென்பை பிசிக்குன்னு கட்டிக் கொடுக்கிற ஒரே ஜிப்புக்குள்ள விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் ரெண்டுக்குமே ஓட வேண்டியது இருக்கு. பதினஞ்சு வருஷப் பழைய பாஸ்ல புது பில்ட் ஓடுமாங்கிறது வேற கேள்வி, அதுக்கு வேற லினக்ஸைப் போட்டுக் கொடுக்க ரூமுக்கு ஒரு ஆள் இருப்பான்.

பல ஜிபி கணக்குல, பத்தாயிரம் ஃபைலோட கேம் பண்றவங்க இன்ஸ்டாலர் போட்டுக்கட்டும். ஜிஓஜி அப்படித்தான் கொடுக்குறாங்க, அதை எடுத்து வச்சுக்கிட்டு இணையம் இல்லாமலும் போட்டுக்கலாம், நான் குறை சொல்லலை. நான் சண்டை போடுறது எண்பது எம்பி கேமுக்கு எட்டுத் திரை செட்டப் போடுறவங்களோட மட்டும்தான். அவங்க மனசுல இருக்கிற விளையாட்டுக்காரன் சொந்த மேஜை, சொந்த மெஷின், சொந்த பாஸ்வேர்டோட உக்காந்திருக்கான். எங்க பக்கத்துல அவன் பாயில உக்காந்து, அடுத்தவன் லேப்டாப்பை மடியில வச்சுக்கிட்டு, அவன் ஷிஃப்ட் முடிஞ்சு வர்றதுக்குள்ள ஒரு அத்தியாயம் முடிச்சுடணும்னு பார்த்துட்டிருக்கான்.

டிஸ்கி 1: மேல சொன்ன 'எக்ஸ்ட்ராக்ட் ஆல் கொடுங்க' செய்தியைக் காட்டுற குட்டி நிரல் யாருக்காவது வேணும்னா பின்னூட்டத்துல கேளுங்க, தர்றேன். எதுல தருவேன்னு கேக்காதீங்க.

டிஸ்கி 2: ரார்ல கட்டிக் கொடுக்கிறவங்களே, வின்ரார் நாப்பது நாள் சோதனை முடிஞ்சும் பல வருஷம் ஓடுதுங்கிறதுக்காக அது எல்லார் மெஷின்லயும் இருக்கும்னு நினைச்சுக்காதீங்க. விண்டோஸே ரார் பிரிக்கிறது 2023-லேர்ந்துதான், அதுவும் விண்டோஸ் 11-ல மட்டும். உங்களுக்குத் தனிப் பதிவு இருக்கு.